4294967295: முப்பத்திரண்டு ஒன்றுகளால் ஆன எண்

4294967295 என்ற எண்ணை முதன்முறை பார்ப்பவருக்கு அதில் எந்த ஒழுங்கும் தென்படாது. நானூற்று இருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது லட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றைந்து என்று வாய்விட்டுப் படித்தாலும், இலக்கங்கள் கைக்கு வந்தபடி அள்ளித் தெளித்தவை போலவே இருக்கும். நொடிக்கு ஒன்று வீதம் இடைவிடாமல் எண்ணினால் இதை எட்டுவதற்கு ஏறத்தாழ 136 ஆண்டுகள் பிடிக்கும்; ஆனால் அது எண்ணின் அளவைச் சொல்கிறதே தவிர, அதன் குணத்தைச் சொல்லவில்லை. ஒரு முழு எண்ணின் குணம், அதை எந்தெந்த எண்களால் மீதியின்றி வகுக்க முடியும் என்பதில்தான் முதலில் வெளிப்படும். ஆகவே அங்கிருந்தே தொடங்குவோம்.

முதல் இரண்டு அடிகளுக்குப் பள்ளியில் கற்ற விதிகளே போதும். கடைசி இலக்கம் 5 என்பதால் எண் 5-ஆல் வகுபடும். இலக்கங்களைக் கூட்டினால் 57 வருகிறது. 57 என்பது 3-ஆல் வகுபடும், 9-ஆல் வகுபடாது. ஆகவே நம் எண்ணில் 3 ஒரே ஒரு முறைதான் காரணியாக இருக்கிறது. 3-ஆலும் 5-ஆலும் வகுத்தபின் எஞ்சுவது 286331153. இது 7, 11, 13 ஆகியவற்றால் வகுபடாமல் 17-ஆல் வகுபட்டு 16843009 ஆகிறது. இங்கே கைக்கணக்குப் போடுபவரின் பொறுமை சோதிக்கப்படும். 19 முதல் 251 வரையுள்ள 47 பகா எண்களில் ஒன்றுகூட இதை வகுக்காது. அடுத்த பகா எண்ணான 257 வகுத்துவிடும், ஈவு 65537. அந்த 65537 மேற்கொண்டு உடையாது, அதுவும் ஒரு பகா எண்ணே. ஆக,

4294967295 = 3 × 5 × 17 × 257 × 65537.

இந்த ஐந்து காரணிகளையும் சற்று உற்றுப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் 1-ஐக் கழித்தால் 2, 4, 16, 256, 65536 என்று வருகின்றன. ஒவ்வொன்றும் முந்தியதன் வர்க்கம். தாறுமாறாகத் தோன்றிய ஓர் எண்ணுக்குள் இவ்வளவு சீரான காரணிகள் இருப்பது தற்செயலாக நடக்கக்கூடியது அன்று. அதன் காரணம் பத்தடிமான முறையில் எழுதும்வரை கண்ணில் படாது. இரும முறையில் எழுதினால் உடனே தெரிந்துவிடும்.

நாம் வழக்கமாக எழுதும் முறையில் வலமிருந்து இடமாக இடமதிப்புகள் 1, 10, 100, 1000 என்று பத்து மடங்காகப் பெருகுகின்றன. இரும முறையில் அவை 1, 2, 4, 8, 16 என்று இரு மடங்காகப் பெருகும். இலக்கங்கள் 0, 1 என இரண்டு மட்டுமே. அந்த முறையில் 3 என்பது 11, 5 என்பது 101, 15 என்பது 1111. நம் எண்ணை அவ்வாறு எழுதினால், வேறு எதுவும் கலக்காமல் முப்பத்திரண்டு ஒன்றுகள் வரிசையாக நிற்கும். 9999 என்பது 10000-க்கு ஒன்று குறைவாக இருப்பதைப் போல, முப்பத்திரண்டு ஒன்றுகளால் ஆன இந்த எண் 2³² என்பதற்கு ஒன்று குறைவு. இந்த எண்ணைப் பற்றி இனிச் சொல்லப்போகும் அனைத்தும் இந்த ஒரே செய்தியிலிருந்தும், 32 என்ற அடுக்கே 2-இன் அடுக்காக (2⁵) இருப்பதிலிருந்தும் கிளைப்பவைதாம்.

பலருக்கு இந்த எண் கணினி வழியாகவே அறிமுகமாகியிருக்கும். 32 பிட் (இரும இலக்கம்) இடத்தில், எதிர்ம எண்களுக்கு இடம் ஒதுக்காமல், எழுதக்கூடிய மிகப் பெரிய முழு எண் இதுவே. இதனுடன் 1-ஐக் கூட்டினால் 33-ஆவது பிட்டுக்கு இடமில்லாமையால் விடை 0 ஆகிவிடும். 32 பிட் இணைய முகவரிகள் 0 முதல் இந்த எண் வரைதான். அவற்றில் கடைசி முகவரி 255.255.255.255. மில்லிநொடிகளை 32 பிட்டில் எண்ணும் கடிகாரம் 49.7 நாள்களில் நிரம்பிப் பூச்சியத்துக்குத் திரும்பும். விண்டோஸ் 95 இயங்குதளம் நிறுத்தாமல் ஓடினால் அந்த நாளில் உறைந்துபோனதன் காரணம் இதுதான். கணினிக்கு இது வெறும் எல்லைக்கோடு. கணிதத்துக்கு இது அதைவிடப் பெரிய சங்கதி.

காரணிகளுக்குத் திரும்புவோம். 99999999 என்ற எட்டு ஒன்பதுகளை நடுவில் வெட்டினால் 9999, 9999 என்று இரு துண்டுகள் கிடைக்கின்றன; அதாவது 99999999 = 9999 × 10001. அதே போல 9999 = 99 × 101, மேலும் 99 = 9 × 11. ஒரே இலக்கத்தால் ஆன வரிசையை நடுவில் வெட்டும் ஒவ்வொரு முறையும், இரு முனைகளிலும் 1 நின்று இடையில் பூச்சியங்கள் நிரம்பிய ஒரு காரணி வெளியே வருகிறது. இரும முறையிலும் இதே வெட்டு செல்லுபடியாகும். முப்பத்திரண்டு ஒன்றுகளை வெட்டினால் பதினாறு ஒன்றுகளும், 2¹⁶ + 1 ஆகிய 65537-உம் கிடைக்கும். பதினாறை வெட்டினால் எட்டு ஒன்றுகளும் 257-உம். எட்டை வெட்டினால் நான்கு ஒன்றுகளும் 17-உம். நான்கை வெட்டினால் இரண்டு ஒன்றுகளும் 5-உம். எஞ்சும் இரண்டு ஒன்றுகள், அதாவது 11, நாம் அறிந்த 3. இயற்கணிதம் படித்தவர் இதில் இரு வர்க்கங்களின் வித்தியாசத்தை அடையாளம் கண்டிருப்பார்: 65536-இன் வர்க்கத்திலிருந்து 1-ஐக் கழித்தால் கிடைப்பது 65535 × 65537.

வெட்டினால் காரணிகள் கிடைக்கும் என்பது உறுதி. கிடைக்கும் காரணிகள் பகா எண்களாக இருக்கும் என்பது உறுதியன்று. பத்தடிமானத்திலேயே இதைக் காணலாம்: 11 பகா எண், 101 பகா எண், ஆனால் 10001 = 73 × 137. எனவே 3, 5, 17, 257, 65537 ஆகிய ஐந்தும் பகா எண்களாக அமைந்தது வெட்டும் முறை தந்த வரமன்று. அது தனியாகச் சரிபார்க்கப்பட வேண்டிய செய்தி. 257-ஐ 13 வரையுள்ள ஆறு பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும், எதனாலும் வகுபடாது. 65537-க்கு 256 வரையுள்ள 54 பகா எண்களையும் சோதிக்க வேண்டியிருக்கும். ஆனால் ஒரு குறுக்குவழி உண்டு. இவ்வகை எண்களின் பகாக் காரணிகள் எல்லா வடிவத்திலும் வரமாட்டா என்பதைக் கணித அறிஞர் ஆய்லர் கண்டார். 1878-இல் லூகா அதை இன்னும் கூர்மையாக்கினார். அதன்படி 65537-ஐ வகுக்கும் எந்தப் பகா எண்ணும் 64-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாக இருந்தாக வேண்டும். 256-க்குள் அத்தகைய எண்கள் 65, 129, 193 என மூன்றே. அவற்றில் 193 மட்டுமே பகா எண். 193 × 339 = 65427, மீதி 110. சோதனை முடிந்தது. ஐம்பத்து நான்கு வகுத்தல்கள் ஒரே வகுத்தலாகச் சுருங்கிய இந்த இடம் எனக்கு எப்போதும் பிடித்தமானது.

2-இன் அடுக்கில் 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போய், கடைசியில் 1-ஐக் கூட்டிப் பெறும் எண்களுக்கு ஃபெர்மா எண்கள் என்று பெயர். முதல் ஐந்தும் பகா எண்களாக இருந்ததைக் கண்ட பியர் த ஃபெர்மா, 1640-இல் எழுதிய ஒரு கடிதத்தில், இந்த வரிசையிலுள்ள எல்லா எண்களும் பகா எண்களே என்று தாம் நம்புவதாகக் குறிப்பிட்டார். நிரூபணம் தம்மிடம் இல்லை என்பதையும் அவர் ஒப்புக்கொண்டார். அடுத்த எண் 4294967297, நம் எண்ணுக்கு இரண்டு இடம் தள்ளி நிற்கும் அண்டை எண். 1732-இல் ஆய்லர் அதை 641 × 6700417 என்று உடைத்துக் காட்டினார். ஃபெர்மாவின் நம்பிக்கை அத்துடன் முறிந்தது. ஐந்து பகா எண்களைத் தன்னுள் அடக்கி நம் எண் முழுமையாக நிற்கிறது. ஆறாவது சேர வேண்டிய இடத்தில் சங்கிலி அறுந்துவிட்டது.

641 எப்படி வகுக்கிறது என்பதைப் பெரிய பெருக்கல் எதுவும் செய்யாமலே காணலாம். 641-ஐ இரண்டு விதமாக எழுதுவோம்: ஒன்று 640 + 1, அதாவது 5 × 2⁷ + 1, மற்றொன்று 625 + 16, அதாவது 5⁴ + 2⁴. ஓர் எண்ணை 641-ஆல் வகுத்தால் வரும் மீதியை மட்டும் கவனிக்கும்போது, முதல் வடிவம் 5 × 2⁷ என்பது −1-க்குச் சமமாக நடந்துகொள்ளும் என்கிறது. இரு பக்கங்களையும் நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸ என்பது 1-க்குச் சமமாகும். இரண்டாவது வடிவமோ 5⁴-க்குப் பதிலாக −2⁴-ஐப் போடலாம் என்கிறது. போட்டால், −2³² என்பது 1-க்குச் சமம். அதாவது 2³² + 1 என்பது 641-ஆல் மீதியின்றி வகுபடும். எட்டாம் வகுப்பு மாணவரும் பின்தொடரக்கூடிய நான்கு வரிகள் இவை. ஆனால் 641-ஐத் தேடிக் கண்டுபிடித்தபின்தான் இந்த வரிகளை எழுத முடியும் என்பதை மறந்துவிடக் கூடாது.

இனி நம் எண்ணின் எல்லா வகுத்திகளையும் எண்ணுவோம். ஐந்து வெவ்வேறு பகாக் காரணிகள் தலா ஒரு முறை வருவதால், ஒவ்வொன்றையும் சேர்க்கலாம் அல்லது விடலாம் என்ற இரு வாய்ப்புகள் ஐந்து முறை பெருகி, மொத்தம் 32 வகுத்திகள் கிடைக்கின்றன. அவற்றைச் சிறியதிலிருந்து வரிசைப்படுத்தி இரும முறையில் எழுதினால், தொடக்கம் இப்படி அமைகிறது:

1 (அதாவது 1)
11 (3)
101 (5)
1111 (15)
10001 (17)
110011 (51)
1010101 (85)
11111111 (255)
100000001 (257)

இந்த உருவத்தை வேறோர் இடத்தில் பார்த்திருப்பீர்கள். பாஸ்கல் முக்கோணத்தின் வரிகளை எடுத்துக்கொள்ளுங்கள்: 1, 1 1, 1 2 1, 1 3 3 1, 1 4 6 4 1. ஒற்றை எண் இருக்கும் இடத்தில் 1, இரட்டை எண் இருக்கும் இடத்தில் 0 என்று மாற்றி எழுதினால் 1, 11, 101, 1111, 10001 என்று மேலே உள்ள வரிசையே வருகிறது. இப்படி முதல் முப்பத்திரண்டு வரிகளை எழுதினால், அவை நம் எண்ணின் முப்பத்திரண்டு வகுத்திகளே. ஒன்றுகூடக் கூடுதலில்லை, குறைவுமில்லை. முப்பத்திரண்டாவது வரியில் எல்லா இலக்கங்களும் 1. அது நம் எண்.

இது மாயம் போலத் தோன்றலாம், ஆனால் காரணம் எளிது. பாஸ்கல் முக்கோணத்தில் ஒவ்வொரு வரியும், மேல்வரியை ஓரிடம் நகர்த்தி அதனுடனேயே கூட்டுவதால் கிடைக்கிறது. இரும முறையில் ஓர் எண்ணை ஓரிடம் நகர்த்தி அதனுடனேயே கூட்டுவது என்றால் 3-ஆல் பெருக்குவது. ஒரே ஒரு வேறுபாடு, இங்கே 1-உம் 1-உம் சேர்ந்தால் 0 ஆகும், அடுத்த இடத்துக்கு எதுவும் போகாது. ஆகவே ஒவ்வொரு வரியும் "ஏற்றம் இல்லாத" முறையில் 3-ஐத் திரும்பத் திரும்பப் பெருக்கியது. அந்த முறையில் 11-இன் வர்க்கம் 101, அதன் வர்க்கம் 10001, அதன் வர்க்கம் 100000001. வர்க்கப்படுத்தும் ஒவ்வொரு முறையும் ஒரு ஃபெர்மா எண் கிடைக்கிறது. மற்ற வரிகள் இவற்றின் பெருக்கங்கள். வெவ்வேறு ஃபெர்மா எண்களைப் பெருக்கும்போது ஒன்றுகள் ஒன்றின்மேல் ஒன்று விழுவதில்லை, அதனால் ஏற்றமே தேவைப்படாது. சாதாரணப் பெருக்கலும் ஏற்றமில்லாப் பெருக்கலும் ஒரே விடையைத் தருகின்றன.

அடுத்து, 1-ஐத் தவிர வேறு பொதுக் காரணி இல்லாத எண்களைச் சார்பகா எண்கள் என்பர். 15-க்குச் சார்பகாவாக அதைவிடச் சிறிய எண்கள் 1, 2, 4, 7, 8, 11, 13, 14 என எட்டு. 16-க்கு ஒற்றை எண்கள் எட்டும் அத்தகையவை. அடுத்தடுத்த இரு எண்களுக்கும் ஒரே எண்ணிக்கை வருவதைக் கவனியுங்கள். நம் எண்ணிலும் இதுவே நிகழ்கிறது. பகாக் காரணிகள் தலா ஒரு முறை வரும்போது, ஒவ்வொன்றிலிருந்தும் 1-ஐக் கழித்துப் பெருக்கினால் இந்த எண்ணிக்கை கிடைக்கும்: 2 × 4 × 16 × 256 × 65536. 2-இன் அடுக்குகளைக் கூட்டினால் 1 + 2 + 4 + 8 + 16 = 31; எனவே விடை 2³¹, அதாவது 2147483648. அடுத்த எண்ணான 4294967296-க்கும் அதே எண்ணிக்கைதான், ஏனெனில் அதற்குச் சார்பகா எண்கள் ஒற்றை எண்கள், அவை சரிபாதி. இந்த எண்ணிக்கையை இரட்டித்தால் நம் எண்ணைவிடச் சரியாக ஒன்று கூடுதலாக வரும். இந்தக் குணம் ஃபெர்மா எண்களின் பெருக்கங்களுக்கு மட்டுமே உரியதன்று. 3 × 5 × 17 × 353 × 929 ஆகிய 83623935-க்கும் அது உண்டு.

ஆனால் 2-இன் தூய அடுக்காக இருப்பது என்ற அந்த 2³¹-தான் நம் எண்ணுக்கு வடிவியலில் ஓர் இடத்தைப் பெற்றுத் தந்தது. அளவுக் கோடுகள் இல்லாத அளவுகோலையும் கவராயத்தையும் மட்டும் கொண்டு எந்தெந்த ஒழுங்குப் பலகோணங்களை வரையலாம் என்பது பண்டைய கிரேக்கர்கள் எழுப்பிய கேள்வி. 3, 5, 15 பக்கங்களை அவர்கள் வரைந்தார்கள், 7-இல் தடுமாறினார்கள். இரண்டாயிரம் ஆண்டுகள் கழித்து, 1796 மார்ச் 30 அன்று, இன்னும் பத்தொன்பது வயது நிரம்பாத காஸ், 17 பக்கங்கள் கொண்ட பலகோணத்தை வரைய முடியும் என்று கண்டார். அளவுகோலும் கவராயமும் ஒவ்வொரு படியிலும் ஒரு வர்க்கமூலம் வரைதான் செல்ல முடியும். ஒவ்வொரு வர்க்கமூலமும் சிக்கலை இரண்டால் பெருக்குகிறது. எனவே ஒரு பலகோணத்தை வரைய வேண்டுமானால், அதன் பக்க எண்ணிக்கைக்குரிய சார்பகா எண்களின் எண்ணிக்கை 2-இன் அடுக்காக இருந்தாக வேண்டும்; இருந்தால் வரையவும் முடியும். 7-க்கு அது 6. அதிலுள்ள 3 தடுத்துவிடுகிறது. 17-க்கு அது 16. இந்த நிபந்தனை நிறைவேறாவிட்டால் வரையவே முடியாது என்பதை 1837-இல் வான்ட்செல் முழுமையாக நிறுவினார்.

நம் எண் அந்த நிபந்தனையை நிறைவேற்றுகிறது. ஆகவே 4294967295 பக்கங்கள் கொண்ட ஒழுங்குப் பலகோணத்தைக் கொள்கையளவில் வரைய முடியும். ஒற்றைப்படைப் பக்கங்கள் கொண்டு வரையத்தக்கவையாக இன்று அறியப்பட்டுள்ள பலகோணங்கள் 31 மட்டுமே. அவை மேலே கண்ட முக்கோணத்தின் வரிகளில் முதலாவதை விட்டுவிட்டு மற்றவை அனைத்தும். அவற்றில் மிகப் பெரியது நம்முடையது. பூமியின் நடுக்கோட்டை ஒட்டி அந்தப் பலகோணத்தை வரைந்ததாகக் கொண்டால், ஒரு பக்கத்தின் நீளம் 9 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக இருக்கும். பக்கத்தின் நடுப்புள்ளிக்கும் உண்மையான வட்டத்துக்கும் இடையிலான இடைவெளியோ ஓர் அணுவின் விட்டத்தைவிடப் பல மடங்கு குறைவு. யாரும் இதை வரையப்போவதில்லை. எனினும் இதன் காரணிகளில் ஒன்றான 65537 பக்கப் பலகோணத்தின் வரைமுறைக்காக யோஹான் ஹெர்மெஸ் என்ற ஜெர்மானியர் பத்தாண்டுகள் உழைத்து, 1894-இல் முடித்த கையெழுத்துப் படி கெட்டிங்கன் பல்கலைக்கழகத்துக்குச் சென்று சேர்ந்தது. அந்தப் பத்தாண்டுகள் வீண் என்று சொல்பவர்களும் உண்டு. எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை.

மிகப் பெரியது என்ற இந்தப் பட்டம் நிலைக்குமா என்பது ஆறாவது ஃபெர்மா பகா எண் ஒன்று இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. 4294967297 தொடங்கி அடுத்து வரும் 28 ஃபெர்மா எண்களும், அதாவது 2-இன் அடுக்கு 2³² ஆகும் எண் வரையிலும், பகு எண்களே என்று காட்டப்பட்டுவிட்டது. அடுக்கு 2³³ ஆகும் எண்ணைப் பற்றி இன்னும் முடிவு தெரியவில்லை. அதை எழுதினால் 258 கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள் வரும். அதற்கு ஒரு பகாக் காரணி இருந்தால் அது 2³⁵-இன் ஏதோ ஒரு மடங்கைவிட ஒன்று கூடுதலாக இருக்க வேண்டும் என்பது வரை லூகாவின் விதி சொல்லிவிடுகிறது. அந்த மடங்கு எது என்பதைத்தான் கணினிகள் தேடிக்கொண்டிருக்கின்றன.